மலையில் பயிர் வைத்த கலெக்டர் துரை

பெருமாநல்லூர்க் கடைவீதியில் காய்கறி வாங்கப் போகிறவர்கள் உருளைக்கிழங்கைக் கையில் எடுத்ததும் ஒரு கேள்வி கேட்பார்கள். இது ஊட்டிக் கிழங்கா, வேறு ஊர்க் கிழங்கா என்பதுதான் அது. ஊட்டிக் கிழங்கு என்றால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் வாங்குவார்கள். பனியன் கம்பெனிகளுக்கு நாலு நாள் லீவு கிடைத்தால் போதும். அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக அதே ஊட்டிக்குக் குழந்தை குட்டிகளோடு புறப்பட்டு விடுவார்கள்.

200 வருஷங்களுக்கு முன்னால் ஊட்டி என்ற நகரம் கிடையாது. அந்த மலையில் உருளைக்கிழங்கும் கிடையாது. கார் போகும் பாதை இருக்கட்டும், மாட்டு வண்டி போகும் பாதைகூட இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் ஆரம்பம் போட்டவர் ஓர் ஆங்கிலேயர். கோயமுத்தூர் ஜில்லாவுக்குக் கலெக்டராக வந்த அவர் பெயர் ஜான் சல்லிவன். வரி வசூலிக்க வந்தவர் மலையேறினார், வீடு கட்டினார், விதை விதைத்தார், குடும்பத்தோடு குடியேறினார். கடைசியில் தம் மனைவியையும் மகளையும் அந்த மலை மண்ணிலேயே புதைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அவருடைய கதை, ஒரு குடும்பத்தின் கதை. ஒரு மலையின் கதையும் அதுவே.

இளம் வயதில் உத்தியோகம்

ஜான் சல்லிவன் 1788-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதி லண்டன் நகரத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனி உத்தியோகத்துக்கு மீசை முளைக்காத பிள்ளைகளைக்கூட அனுப்பி வைப்பார்கள். அப்படித்தான் சல்லிவனும் பதினைந்து பதினாறு வயதில் குமாஸ்தா வேலைக்கு அமர்ந்து, கடல் கடந்து சென்னைக்கு வந்து சேர்ந்தார். கணக்கு எழுதிப் பழகினார். நிலவரி விவகாரங்களைக் கற்றுக்கொண்டார். படிப்படியாக உயர்ந்தார்.

1815-ல் அவர் கோயமுத்தூர்க் கலெக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 27.

திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பிறகு கொங்கு நாடு கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. அன்றைய கோயமுத்தூர் ஜில்லா மிகப் பெரியது. ஈரோடு, தாராபுரம், அவிநாசி எல்லாம் அதற்குள் அடக்கம். இன்றைய திருப்பூர் மாவட்டம் 2009-ல்தான் பிறந்தது. பெருமாநல்லூர்க் குடியானவர் கட்டிய தீர்வையும் அன்று சல்லிவனின் கஜானாவுக்கே போயிற்று.

அவர் வந்த சமயத்தில் ஜில்லா நிர்வாகம் சீர்கெட்டுக் கிடந்தது. கஜானாப் பொறுப்பில் இருந்த காசிச் செட்டி என்பவர், உத்தியோக பலத்தை வைத்துக்கொண்டு புகையிலை வியாபாரத்தில் பெரும் முறைகேடுகள் செய்தார் என்ற புகார் எழுந்தது. அதை விசாரிக்கும் பொறுப்பு தாமஸ் மன்றோவிடமும் சல்லிவனிடமும் ஒப்படைக்கப்பட்டது. மன்றோ பின்னாளில் சென்னைக்கு கவர்னர் ஆனவர். ஏழை விவசாயிகளின் நண்பர் என்று பெயர் எடுத்தவர். அந்த விசாரணையில் ஏற்பட்ட பழக்கம் சல்லிவனுக்குப் பிறகு பெரிய துணையாக அமைந்தது.

கலெக்டர் மலையேறினார்

கோயமுத்தூரில் இருந்து வடமேற்கே பார்த்தால் நீலமலை சுவர்போல நிற்கும். ஆனால் சமவெளி மக்கள் அதில் ஏற அஞ்சினார்கள். அடிவாரக் காட்டில் கொசு. அதனால் மலைக் காய்ச்சல். காட்டைத் தாண்டினால் புலி, யானை. அதற்கும் மேலே பேய் பிசாசு உண்டு என்ற பேச்சு வேறு.

வெளிநாட்டார் யாருமே அதற்கு முன் ஏறவில்லை என்று சொல்ல முடியாது. 1603-லேயே ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் மலையாளக் கரையில் இருந்து ஏறித் தோடர்களைக் கண்டு திரும்பினார். 1812-ல் கம்பெனியின் சர்வேயர் கீஸ் என்பவர் ஏறினார். 1818-ல் சல்லிவனின் உதவி அதிகாரிகளான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறினார்கள். புகையிலைக் கள்ளக் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு போய்த்தான் அவர்கள் மேலே சேர்ந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. திரும்பி வந்த இருவரும் மேலே குளிர்ந்த காற்றும் பசும்புல்வெளியும் இருப்பதைக் கலெக்டரிடம் சொன்னார்கள்.

சல்லிவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1819-ம் வருஷம் ஜனவரி மாதத் தொடக்கத்தில் அவரே ஆட்களோடு கிளம்பினார். சிறுமுகைப் பக்கமாகக் காட்டுக்குள் புகுந்து, செங்குத்துச் சரிவுகளில் ஏறி, கோத்தகிரிப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே ஜனவரி மாதக் குளிரில் தண்ணீர் உறையக் கண்டார் சல்லிவன். கோயமுத்தூர் வெயிலில் வெந்தவருக்கு அது சொந்த நாட்டைக் கண்டதுபோல் இருந்தது. இந்த நாடு சுவிட்சர்லாந்து தேசத்தைப் போல் இருக்கிறது என்று மன்றோவுக்குக் கடிதம் எழுதினார்.

அதே வருஷம் அவர் மறுபடியும் போனார். கூட வந்தவர் லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர். காட்டில் அலைந்து நோயில் விழுந்திருந்த அவர், மலைக்காற்றில் உடம்பு தேறி எழுந்தார். அந்தச் செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சிப்பாய்களும் அதிகாரிகளும் சமவெளிக் காய்ச்சலில் மாண்டுகொண்டிருந்த காலம் அது. நோய் தீர ஓர் இடம் இருக்கிறது என்பது கம்பெனிக்குப் பெரிய சமாச்சாரம்.

சல்லிவன் கோத்தகிரி அருகே திம்பட்டிப் பக்கத்தில் ஒரு வீடு கட்டினார். சிறுமுகையில் இருந்து அங்கே போகப் பாதை போடச் சர்க்காரிடம் அனுமதி கேட்டு வாங்கினார். மக்பர்சன் என்ற ராணுவ அதிகாரி வேலையை நடத்தினார். கைதிகள் பாறையை உடைத்தார்கள். 1823-ல் குதிரை போகும் பாதை தயார் ஆயிற்று. இன்று நாம் சுகமாக ஏறும் மலைக்கு முதல் பாதையைப் போட்டவர்கள் பெயர் தெரியாத அந்தக் கைதிகளே.

கல் பங்களா

1820-ல் சல்லிவனுக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண்ணின் பெயர் ஹென்ரியட்டா ஹாரிங்டன். கலெக்டர் மனைவி என்றால் பட்டணத்தில் விருந்து, நடனம் என்று சுகமாக இருந்திருக்கலாம். அவரோ கணவரோடு மலைக்கு வந்தார். நீலமலையில் கால் வைத்த முதல் ஐரோப்பியப் பெண்மணி அவரே என்பார்கள். டாக்டர் இல்லை, கடை இல்லை, பேச்சுத் துணைக்கு ஒரு பெண் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் அந்த அம்மாள் குடும்பம் நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார்.

கோத்தகிரிக்கு மேற்கே இன்னும் உயரத்தில் தோடர்களின் மந்து ஒன்று இருந்தது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. ஒத்தைக்கல் மந்து என்ற பெயரே உதகமண்டலம் ஆயிற்று என்பது ஒரு விளக்கம். கடல் மட்டத்துக்கு மேல் 7,000 அடிக்கும் அதிகமான உயரம். அந்தப் பள்ளத்தாக்கு சல்லிவனின் மனத்தைப் பறித்தது. ஏக்கர் ஒரு ரூபாய் என்ற கணக்கில் தோடர்களிடம் நிலம் வாங்கினார். 1822-ல் அங்கே கல்லால் வீடு கட்டத் தொடங்கினார். ஊட்டியின் முதல் கட்டடம் அது. மலை மக்கள் அதைக் கல் பங்களா என்று அழைத்தார்கள். இன்றும் அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.

பிறகு ஏரி. பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளைக் கரை போட்டு மறித்தார். 1823-ல் தொடங்கிய வேலை 1825-ல் முடிந்தது. இன்று படகு விடுகிறார்களே, அந்த ஏரிதான். அன்று அது இன்னும் விசாலமாக இருந்தது. பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் நின்ற இடம்.

சீமைக் காய்கறி வந்த கதை

சல்லிவனுக்குக் கலெக்டர் வேலையைவிடத் தோட்ட வேலையில் பிரியம் அதிகம். சீமையில் விளைவதெல்லாம் இந்த மண்ணிலும் விளையுமா என்று பார்க்க விரும்பினார். விதைகளை வரவழைத்தார். தோட்டக்காரரையும் வரவழைத்தார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, காரட், பீட்ரூட், டர்னிப், முள்ளங்கி என்று வரிசையாக நட்டுப் பார்த்தார். ஆப்பிள், பீச், பிளம்ஸ், ஸ்ட்ராபெரி செடிகளை வைத்தார். கல் பங்களாவின் அருகே ஓக் மரக் கன்றுகளை நட்டார்.

உருளைக்கிழங்கின் பிரயாணமே ஓர் அதிசயம். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவில் உள்ள பெரு தேசத்து மலைகள். ஸ்பெயின்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஏழைகளின் உணவு ஆயிற்று. மலையில் பிறந்த அந்தக் கிழங்கு, பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு, சல்லிவனின் கையால் மறுபடியும் ஒரு மலைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் ஒரு துரையின் தோட்டத்தில் விளைந்தால் மட்டும் ஊருக்குச் சோறு ஆகுமா? அதை நிஜமான விவசாயமாக ஆக்கியவர்கள் படுகர்கள். வெகு காலமாகவே அவர்கள் அந்த மலையில் ராகியும் சாமையும் கோதுமையும் பயிர் செய்துகொண்டிருந்த உழவர்கள். புதுப் பயிரைக் கண்டார்கள், கற்றுக்கொண்டார்கள், சரிவுகளில் பாத்தி கட்டி விளைவித்தார்கள். இன்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை மூட்டையாக இறங்கும் கிழங்குக்குப் பின்னால் இருப்பது அவர்களுடைய தலைமுறை தலைமுறையான உழைப்பு.

நிலம் யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் கதையில் முடிச்சு விழுகிறது.

சல்லிவன் ஒருவரே வாங்கிய நிலம், அங்கே குடியேறிய மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லோரிடமும் இருந்ததைவிட அதிகம். ஜில்லாவில் நிலத்துக்குத் தீர்வை விதிப்பவர் கலெக்டர். அதே கலெக்டர் மலையில் நிலம் வாங்குகிற குடியானவராகவும் இருந்தார். வாங்கிய விலையோ ஏக்கர் ஒரு ரூபாய். தோடர்களுக்குப் பத்திரம், பட்டா என்பதெல்லாம் தெரியாது. எருமை மேய்ப்பதே அவர்கள் வாழ்க்கை. எருமைப் பாலே அவர்கள் கோயில். புல்வெளியை விற்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடல் கடந்து குடியேறிய ஆங்கில விவசாயிகளின் சரித்திரம் எங்கும் இப்படித்தான் தொடங்கியது. 1607 முதல் அமெரிக்காவில் போய் இறங்கியவர்கள், அந்த மண்ணின் பழங்குடி மக்களிடம் கத்தி, துணி, பாசிமணி கொடுத்து நிலம் வாங்கினார்கள். பின்னால் துப்பாக்கியும் காட்டினார்கள். முடிவில் பழங்குடிகள் விரட்டப்பட்டார்கள். உழுதவர்களின் பேரன்மார் எழுதிய குடும்ப வரலாறுகளில் வேலியும் களஞ்சியமும் வரும். முன்பு அங்கே இருந்தவர்கள் வரமாட்டார்கள்.

சல்லிவன் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் வித்தியாசமானவர். இந்த மலை தோடர்களுக்குச் சொந்தம் என்று அவர் விடாமல் வாதாடினார். படுகர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தோடர்களுக்குக் கொடுத்து வந்ததை அதற்கு ஆதாரமாகக் காட்டினார். தோடர்களுக்குப் பணம் கொடுக்காமல் சர்க்கார்கூட நிலத்தைத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி.

சர்க்கார் அதிகாரிகளில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மன்றோ இருந்தவரை சல்லிவனுக்குப் பலம் இருந்தது. 1826-ல் கவர்னர் மன்றோவே மலைக்கு வந்து, சல்லிவனின் விருந்தாளியாகத் தங்கி மகிழ்ந்தார். அடுத்த வருஷமே அவர் காலராவில் இறந்து போனார். அவருக்குப் பின் கவர்னராக வந்தவர் லஷிங்டன். ஊட்டியை ராணுவத்தார் உடல் தேறும் இடமாக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஆர்வம் அதிகம். 1828-ல் அது ராணுவ அதிகாரியின் பொறுப்புக்குப் போயிற்று. 1830-ல் மலையின் பெரும் பகுதியைக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்து பிரித்து மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். சல்லிவன் வளர்த்த ஊர் சல்லிவனின் அதிகாரத்தில் இருந்து நழுவியது. அவரும் அந்த வருஷமே கலெக்டர் பதவியை விட்டுப் போனார்.

தோடர் வழக்கும் தோற்றது. தோடர்களுக்கு மேய்ச்சல் பாத்தியதை உண்டு, நிலத்தின் மேல் சொந்தம் கிடையாது என்பதே லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்களின் முடிவு. பிற்காலத்தில் தேயிலையும் தைலமரமும் புல்வெளிகளை விழுங்கியபோது, அந்த முடிவின் வலி தோடர்களுக்கு நன்றாகப் புரிந்தது.

1838

சல்லிவன் மீண்டும் சென்னை ராஜதானியில் பெரிய பதவிகளை வகித்தார். ரெவின்யூ போர்டின் தலைமைப் பதவி வரை உயர்ந்தார். மலையில் குடும்பத்துக்கு இருந்த பாசமும் போகவில்லை.

1838-ம் வருஷம் அந்தக் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் ஒருவர் பின் ஒருவராக, சிறிது கால இடைவெளியில் இறந்து போனார்கள். நோயாளிகள் பிழைக்க வரும் மலை என்று உலகத்துக்கெல்லாம் சொன்னவர் அவர். அந்த மலையிலேயே அவருடைய மனைவியும் மகளும் பிழைக்கவில்லை.

ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் மாதா கோயில் என்று ஒன்று இருக்கிறது. 1829-ல் கடைக்கால் போட்டு 1831-ல் திறந்தது. அதன் உத்தரங்கள் சீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனை மரங்கள். அந்தக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் தாயும் மகளும் உறங்குகிறார்கள்.

மூன்று வருஷங்கள் கழித்து, 1841-ல் சல்லிவன் உத்தியோகத்தை விட்டார். மீதமிருந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். நிலம், வீடு, தோட்டம், ஏரி எல்லாம் பின்னால் நின்றன. அவர் திரும்பி வரவே இல்லை.

லண்டனில் நமக்காகப் பேசியவர்

ஓய்வு பெற்ற துரைமார் பலர் பென்ஷன் பணத்தில் வேட்டையாடிப் பொழுது போக்குவார்கள். சல்லிவன் அப்படி இருக்கவில்லை. தாம் முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் சம்பளம் வாங்கிய கம்பெனியின் ஆட்சியையே கண்டித்துப் பேசத் தொடங்கினார். இந்தியர்களுக்குப் பெரிய உத்தியோகங்கள் கொடுக்க வேண்டும் என்றார். சுதேச ராஜாக்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களைக் கம்பெனி மீறுவது நியாயம் அல்ல என்று புத்தகம் எழுதினார். கங்கைக் கரையின் செல்வத்தை உறிஞ்சி எடுத்து, தேம்ஸ் நதிக்கரையில் கொண்டுபோய்ப் பிழியும் கடற்பஞ்சுக்குக் கம்பெனி ஆட்சியை அவர் ஒப்பிட்டது, பின்னாளில் நம் தேசபக்தர்களும் எடுத்துச் சொல்லும் உவமை ஆயிற்று.

1855-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி, தம் 66-வது வயதில் சல்லிவன் காலமானார். லண்டனுக்கு மேற்கே அப்டன் என்னும் ஊரின் மாதா கோயிலில் அவரை அடக்கம் செய்தார்கள். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வானசாஸ்திரி ஹெர்ஷல் அடங்கியிருப்பதும் அதே கோயிலில்தான்.

அவருடைய மகன் ஹென்றி எட்வர்ட் சல்லிவன் இந்தியாவுக்கு வந்து உத்தியோகம் பார்த்தார். தந்தை உட்கார்ந்த அதே கோயமுத்தூர்க் கலெக்டர் நாற்காலியில் மகனும் உட்கார்ந்தார். 1868-ல் நீலகிரி தனி ஜில்லா ஆயிற்று.

மிஞ்சியது என்ன?

வெகு காலம் சல்லிவனை ஊர் மறந்திருந்தது. பிறகு நினைத்துக்கொண்டது. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் இடிந்து கிடந்த அவருடைய பழைய வீடு புதுப்பிக்கப்பட்டு நினைவகம் ஆயிற்று. ஊட்டிக்கு 200 வயது ஆனதைக் கொண்டாடியபோது, 2022-ம் வருஷம் மே மாதம் அங்கே அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்த கையும், தோடருக்காக மனு எழுதிய கையும் ஒரே மனிதருடையவை. இரண்டையும் சேர்த்தே அவரை நினைக்க வேண்டும். ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லறைத் தோட்டத்துக்கும் போகலாம். அங்கே அந்தத் தாயும் மகளும் இருக்கிறார்கள். ஊரைச் சுற்றிலும் எஞ்சியிருக்கும் தோடர் மந்துகளையும் மரியாதையோடு எட்டி நின்று பார்க்கலாம். அந்த மலைக்கு முதல் உரிமை கேட்டவர்கள் இன்னும் அங்கே எருமை மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.